பனி வழித்த பலகை

ஜேர்மனியில் நான் இருந்த சிறிய நகரத்தில் மாடிக் கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒரு மரப்பலகை இருந்தது. ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம். கயிறு கோத்து ஒரு வீட்டின் கதவுப் பிடியில் தொங்கவிட்டிருப்பார்கள். யார் கதவில் அது தொங்குகிறதோ, அந்த வாரம் படிகளைக் கூட்டுவது அவர்கள் பொறுப்பு. குளிர்காலமென்றால், கட்டடத்துக்கு முன்னால் தெருவோர நடைபாதையில் கிடக்கும் பனியை வழித்து ஒதுக்குவதும் அவர்கள் பொறுப்பு. சனங்கள் வேலைக்கு இறங்கி நடக்கும் முன் வழித்துவிட வேண்டும். வழிக்காமல் விட்டு யாரும் வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். வாரம் முடிந்ததும் பலகை அடுத்த கதவுக்குப் போகும்.

நான் அங்கே கூரைக்குக் கீழே ஓர் அறையில் இருந்தேன். அறைக்கு இலக்கம் இல்லை. எனக்குப் பதிவும் இல்லை. பலகை மாடிக்கு மாடி ஏறி இறங்கும், என் கதவுக்கு மட்டும் வராது. ஆனால் பனியை வழித்தது பெரும்பாலும் நான்தான். முதுகு வளையாத கிழவர், விடிய எழும்ப மனமில்லாத தம்பதி என்று தங்கள் முறை வரும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். விரல்கள் மரத்துப்போகும் வரை வழிப்பேன். முடித்துவிட்டு மேலே ஏறும்போது அவர்களுடைய கதவில் பலகை ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதற்குப் போய் ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்பீர்கள். நான் பட்டேன். ஒரு கதவு இருந்தால்தானே அதில் பலகை தொங்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிலைத்து இருந்ததில்லை. ஜேர்மனியில் விசா மறுத்தபோது பாரிசுக்குப் போனேன். அங்கே ஒரு சமையலறையில் கோப்பை கழுவினேன். அது சலித்தபோது இத்தாலி, பிறகு திரும்பவும் பாரிஸ், பிறகு ஒரு லொறிக்குள் இருந்து லண்டன். பட்டினி கிடந்திருக்கிறேன், ரெயில் நிலையங்களில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் நடந்தது, முடிந்தது. எங்கே போனாலும் நான் படுத்த அறையை இன்னொருவனும் திறக்கக்கூடியதாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் முடிந்துபோகாத விஷயமாக இருந்தது. எனக்கு மட்டும் சாவி உள்ள ஒரு கதவு வேண்டும். அந்த ஆசை நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு வியாதி போல ஆகிவிட்டது.

லண்டனில் அப்போது நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தேன். வீட்டின் சொந்தக்காரர் மலேசியத் தமிழர். படிக்க வந்து, கணக்காளராகி, ஸ்ட்ரெதமில் தனக்கொரு வீடும் நோர்பரியில் வாடகைக்கு விட இந்த வீடும் வாங்கியவர். அறுபது வயது இருக்கும். நல்ல மனிதர். சனிக்கிழமை தோறும் காலையில் வந்து, குழாய் ஒழுகுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று எல்லாம் பார்த்து, எங்கள் குசினியில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

என்னோடு அதே அறையில் இன்னொருவன் இருந்தான். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், பெற்றோல் செட்டில் வேலை. அவனை அறைத்தோழன் என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. அறைக்காரன் என்றே எழுதுகிறேன். நான் அந்த அறைக்கு அவனுக்கு முன்பே வந்தவன். ஆனாலும் ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. எப்படி அப்படி ஆனது என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது, "அண்ணை, உங்களுக்குக் காத்து ஒத்துவராதெண்டு சொன்னனீங்கள், அதுதான் கட்டிலை மாத்தினனான்" என்றான். நான் எப்போதோ தடிமன் பிடித்திருந்தபோது சொன்னது அது. இப்படித்தான் அவனுக்கு எல்லாம் நடக்கும். கேட்கமாட்டான், பிடுங்கமாட்டான், அது தானாக அவன் பக்கம் நகர்ந்துவிடும். நான் வீட்டுக்காரரை "ஐயா" என்று கூப்பிட்டேன். அவன் வந்த முதல் கிழமையே "அங்கிள்" என்றான். ஐயா என்று கூப்பிடுகிறவனுக்குத் தலையாட்டல் கிடைக்கும். அங்கிள் என்று கூப்பிடுகிறவனுடைய தோளில் கை விழும்.

எங்கள் நாட்டில் சண்டை நின்றிருந்த காலம் அது. பலர் கொழும்புக்குப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவனும் போய்க் கட்டிக்கொண்டு வந்தான். மனைவியைக் கூப்பிட அலுவல் பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் போன் கார்ட்டைச் சுரண்டி, கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணைக்குள் சிரித்துச் சிரித்துக் கதைப்பான். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

அந்த வீட்டின் பக்கவாட்டில் ஒரு கராஜ் இருந்தது. வீட்டுக்காரர் அதை உடைத்துச் சின்ன வீடு மாதிரி ஆக்கியிருந்தார். ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு, ஒரு குளியல். முக்கியமாக, தெருவைப் பார்த்தபடி அதற்கென்று ஒரு தனிக் கதவு. பச்சை நிறக் கதவு. அதில் இருந்த குடும்பம் மார்கழியில் வெளியேறிப் போனது. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையோடு குசினியில் நின்று சொன்னார்:

"எனக்கு முன்ன மாதிரி அலைய முடியல தம்பி. கராஜ் வீட்ட வெளியாளுக்குக் கொடுக்கப் போறதில்ல. நம்ம வீட்டப் பொறுப்பா பாத்துக்கிற ஆளு யாரோ, அவங்களுக்குத்தான். தை கடைசில முடிவு சொல்றேன்."

சொல்லும்போது எங்கள் இருவரையும் பார்த்தார். அறைக்காரன், "அங்கிள் யோசிச்சுச் செய்யுங்கோ, அவசரமில்லை" என்றான். நான் அன்று மாலையே குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்து வெந்நீரால் கழுவினேன்.

அந்த ஒரு மாதமும் நான் வேலை செய்த மாதிரி எந்த முதலாளிக்கும் செய்ததில்லை. கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளினேன். ஹீட்டரில் காற்றுப் பிடித்துச் சத்தம் போட்டால் திறந்து விட்டேன். முன் கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். அறைக்காரன் வாசலில் நின்று தேநீர் குடித்தபடி பார்ப்பான்.

"அண்ணை, நீங்கள் இப்பிடிக் கழுவினா இரவிலை குப்பை கிண்ட வாற நரி ஏமாந்து போகும். தொட்டியிலை ஒரு மணமும் இல்லை."

"உனக்கு வேலையில்லையே?"

"ஷிப்ட் ரெண்டு மணிக்குத்தான். ஏதும் பிடிக்கோணுமெண்டாச் சொல்லுங்கோ, பிடிக்கிறன்."

பிடிக்க வரச் சொன்னால் வருவான், நான் கூப்பிடவில்லை. வேலையில் அவன் கை பட்டால் பெயரிலும் பாதி அவனுக்குப் போய்விடும் என்று பயந்தேன். மனைவி வரப்போகிறாள் என்பதைத் தவிர அவனுக்கு என்ன தகுதி என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். மனைவி இல்லாதவனுக்குக் கதவு தேவையில்லையா?

வீட்டுக்காரர் முடிவு சொல்ல வேண்டிய சனிக்கிழமைக்கு முதல் நாள் மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. லண்டன்காரருக்குப் பனி என்றால் ஒரு திருவிழாவும் ஓர் அனர்த்தமும் சேர்ந்து வந்த மாதிரி. ரெயில் நின்றது, பஸ் நடுத்தெருவில் குறுக்காக நின்றது. நான் வேலையிலிருந்து நடந்தே வந்தேன். வழியெல்லாம் வீடுகளின் முன் பனி மிதிபட்டு, கண்ணாடி போல இறுகிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட வழிக்கவில்லை. ஒரு வீட்டு வாசலிலும் ஒருவன் பனி அள்ளும் சவளோடு நிற்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஊரில் எவனுக்கும் இந்த வேலை தெரியாது என்று நினைத்தேன். நாளைக் காலை வீட்டுக்காரர் வரும்போது தெருவிலேயே அவருடைய வாசல் ஒன்றுதான் சுத்தமாக இருக்கும் என்றும் நினைத்தேன். நடந்துவரும்போதே பச்சைக் கதவின் சாவி என் சட்டைப் பைக்குள் கிடக்கிற மாதிரி இருந்தது.

பின் வளவில் உடைந்த அலுமாரி ஒன்று கிடந்தது. அதன் கதவிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி, ஒரு பழைய தும்புத்தடியின் நுனியில் குறுக்காக வைத்து ஆணி அடித்தேன். பலகையின் கீழ் ஓரத்தில் தகரத் துண்டொன்றை மடித்துப் பொருத்தினேன். ஜேர்மனியில் கடையில் விற்பதைவிட அது மோசமில்லை.

விடிய எழும்பி இறங்கினேன். மேல் பனியைத் தள்ளுவது இலகு. கீழே இறுகியதைப் பலகையின் தகர ஓரத்தால் கொத்திக் கிளப்ப வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்காமல் போகிற அகலம் திறக்க வேண்டும். கிளப்பியதை நடைபாதையின் தெருப் பக்க ஓரமாகக் குவிக்க வேண்டும், தண்ணீர் போகும் வாயை அடைக்கக்கூடாது. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கல் தெரியும் வரை வழித்தேன். ஈரக் கல் காலை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பனியிலிருந்து என் பகுதிக்குள் இறங்கியதும் நிமிர்ந்து நடந்தார். "குட் மேன்" என்றார். நாய் என் பனிக் குவியலில் மூத்திரம் பெய்தது.

வழித்தால் மட்டும் போதாது. ஈரக் கல் திரும்பவும் உறையும். ஜேர்மனியில் பொடிக்கல்லோ உப்போ தூவுவோம். பொடிக்கல்லுக்கு எங்கே போவது? குசினியில் என்னுடைய உப்புப் போத்தலில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அறைக்காரனின் அலுமாரித் தட்டின் கதவைத் திறந்தேன். பின்பக்கம் ஒரு பை இருந்தது. அதற்குள் ஒரு புதுப் பால் சட்டி, ஒட்டின கடதாசி கூடக் கழற்றாதது. ஒரு மஞ்சள் தூள் பக்கெட். ஒரு பெரிய பை கல்லுப்பு, வாய் திறக்காதது.

மூன்றும் ஒரே பைக்குள் இருந்தால் எந்தத் தமிழனுக்கும் விளங்கும். புது வீட்டுக்குள் முதலில் உப்பையும் மஞ்சளையும் கொண்டு போவார்கள், பிறகு பால் காய்ச்சுவார்கள். முடிவு சொல்லும் முன்பே இவன் குடிபூரலுக்குச் சாமான் வாங்கி வைத்துவிட்டான். நான் பீலிக்குள் கை விட்டு அழுகல் இலை அள்ளிக்கொண்டிருக்க, இவன் கடைக்குப் போய்ச் சட்டி தெரிவு செய்திருக்கிறான். அந்த நிச்சயம்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் கேட்டு, உழைத்து, கெஞ்சி நிற்கிற இடத்தில் அவன் ஏற்கனவே பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

உப்பை எடுத்தேன். நடைபாதைக்குப் போய்ப் பல்லால் கடித்துத் திறந்து, விதை விதைக்கிற மாதிரி வீசினேன். பை முடியும் வரை வீசினேன்.

வீட்டுக்காரர் வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தார். ரெயில் இல்லாததால் ஸ்ட்ரெதமிலிருந்து நடந்து வந்திருந்தார். சப்பாத்துக்கு மேல் பொலித்தீன் பை கட்டியிருந்தார். நான் வழித்த பகுதியின் ஓரம் வரை வந்து அப்படியே நின்றுவிட்டார். காலை உள்ளே வைக்கவில்லை.

"யாரு தம்பி இத செஞ்சது?"

"நான்தான் ஐயா." என் முகத்தில் பல் முழுக்கத் தெரிந்திருக்கும்.

"யாரு செய்யச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. வீட்டுக்கு முன்னாலை கிடக்கிற ஸ்னோவை வீட்டுக்காரர்தானே வழிக்கோணும். ஜேர்மனியிலை வழிக்காட்டில் ஃபைன் அடிப்பாங்கள்."

"இது ஜெர்மன் இல்ல தம்பி." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்க இந்த நடபாத கவுன்சிலோடது. ஸ்னோ வானத்துலேர்ந்து வந்தது. அது பாட்டுக்கு கெடந்தா, எவன் விழுந்தாலும் வானத்தோட தப்பு. நீங்க கைய வச்சிட்டீங்க. இப்ப ஒருத்தன் விழுந்தா, யாரு இத க்ளீன் பண்ணது, எந்த வீட்டுக்காரன்னு கேப்பான். கேஸ் போட்டான்னா என் வீடு போச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது."

நான் தெருவைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீடு வீடாகப் பனி, ஒருவரும் தொடாத பனி. வேலை தெரியாமல் விட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்ததெல்லாம் தெரிந்தே விட்டதுதான்.

"இப்ப என்ன செய்யிறது ஐயா?"

"திரும்பப் போடுங்க."

"எதை?"

"ஸ்னோவ. எப்படி இருந்துச்சோ அப்படியே."

இப்படி ஒரு வேலையை எந்த நாட்டிலும் யாரும் எனக்குத் தந்ததில்லை. ஓரமாகக் குவித்திருந்ததைப் பலகையால் இழுத்து இழுத்துத் திரும்ப நடைபாதையில் பரப்பினேன். அந்த நேரம் பார்த்து அறைக்காரன் சாரத்துக்கு மேல் குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு கோப்பையோடு வந்தான்.

"அங்கிள், பிடியுங்கோ தேத்தண்ணி. இஞ்சி போட்டிருக்கு." பிறகு என்னைப் பார்த்தான். "என்னண்ணை, வழிச்சதைத் திரும்பப் போடுறியள்?"

வீட்டுக்காரர் விளக்கினார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்கென்ன, நானும் வாறன்" என்று உள்ளே போய் ஒரு பேசினைக் கொண்டுவந்தான். பனியைப் பேசினில் அள்ளி, கையால் மெதுவாகத் தூவினான்.

"கட்டியாப் போட்டா ஆக்களுக்குத் தெரிஞ்சிடும் அண்ணை. பிட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவுற மாதிரித் தூவோணும்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவ்வளவு பயந்து நின்ற மனிதர், அவன் சொன்ன ஒரு சொல்லுக்குத் தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தார். நான் விடிய எழும்பி முதுகு நோகச் செய்ததற்கு ஒரு நன்றி கிடைக்கவில்லை. அவன் பேசினோடு வந்து நின்றதற்கு அவர் அவனுடைய தோளில் தட்டினார்.

ஆனால் போட்ட பனி தங்கவில்லை. தூவத் தூவ அடியில் கரைந்து கூழாகியது. வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஏன் இங்க மட்டும் கரையுது?"

"உப்புப் போட்டனான் ஐயா."

அறைக்காரனின் கை பேசினுக்குள் நின்றது. "எந்த உப்பு?"

அவன் வீட்டுக்குள் போனான். தட்டுக் கதவு திறக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. முதல்முறையாக அவன் முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தேன், அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"அண்ணை, அது குடிபூரலுக்கு வாங்கி வைச்சது. உப்பைக் கொண்டுபோய் ஆக்கள் மிதிக்கிற இடத்திலையே போட்டனீங்கள்?"

"எந்த வீட்டுக் குடிபூரல்?" என்று கேட்டேன். "ஐயா இன்னும் முடிவு சொல்லேல்லையே."

வீட்டுக்காரர் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார்.

"அவருகிட்ட போன மாசமே சொல்லிட்டேன் தம்பி. அவரோட வைஃப் வருது. தனி இடம் காட்டினாத்தான விசா? உங்ககிட்ட இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க ஒண்டிக்கட்ட, உங்களுக்கு மேல ரூம் போதும்ல?"

அப்போது ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தாள். எங்கள் கூழை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறங்கி, வாகனத் தடம் வழியே போனாள். மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்காரர் போன பிறகு அறைக்குள் கேட்டேன். "ஸ்னோவைத் தொடப்படாதெண்டும் உனக்கு முதலே தெரியுமே?"

"ஓம் அண்ணை. பெற்றோல் செட்டிலை மனேஜர் ஒவ்வொரு விண்டரும் சொல்லுவார், வெளியிலை தொடாதேங்கோ எண்டு. விடிய ஜன்னலாலை பாத்தனான், நீங்கள் வழிச்சுக்கொண்டு நிண்டியள்."

"பாத்திட்டுப் பேசாமல் படுத்தனியே?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமா நிண்டியள் அண்ணை. பாட்டும் பாடினீங்கள். குழப்ப மனம் வரேல்லை."

"வீட்டு விசயம்?"

அவன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். "எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் குப்பைத் தொட்டியெல்லாம் கழுவிக்கொண்டு திரிஞ்சியள். பாக்கப் பாவமாக் கிடந்தது."

அவன் என்னை ஏமாற்றியிருந்தால் அடித்திருப்பேன். இரங்கினான். இரக்கப்படுகிறவனை என்ன செய்வது? கொஞ்ச நேரம் கழித்து, தேங்காய்ச் சம்பலும் பாணும் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தான். பசித்தது, சாப்பிட்டேன்.

பங்குனியில் அவன் மனைவி வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த பெட்டிகளில் ஒன்றை நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பச்சைக் கதவுக்குள் வைத்தேன். பால் காய்ச்சும்போது என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் கோட் போட்டு வந்து நடுவில் இருந்தார். புது உப்புப் பையை அவள் கையில் கொடுக்கும்போது அறைக்காரன் சொன்னான், "முதல் வாங்கின உப்பை இந்த அண்ணை றோட்டுக்குப் போட்டு ஊரையே காப்பாத்தினவர்." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப இந்தப் பையை அண்ணைக்குத் தெரியாமல் ஒளிச்சு வைக்கோணும்" என்றாள். வந்து இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் அவளுக்கும் அவனுடைய நாக்கு.

மேல் அறை எனக்கு மட்டும் ஆனது. ஜன்னலோரக் கட்டிலும் கிடைத்தது. வீட்டுக்காரர் வேறு ஆளைப் போடவில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் பச்சைக் கதவு. பின்னேரங்களில் அவள் மீன் குழம்பு வைத்தால் மணம் முதலில் என் கட்டிலுக்கு வரும். அவள் ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் படியேறி வந்து தருவாள். நல்ல குழம்பு. கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்கும்போது அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். நான் தட்டி, உள்ளேயிருந்து ஒருவர் வந்து திறப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கதவு திறக்கும் வரை நிற்கிற அந்தச் சில கணங்களில் ஒவ்வொரு முறையும் ஜேர்மனியின் கூரை அறை ஞாபகம் வரும்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் கொஞ்சம் பனி விழுந்தது. முந்திய வருடத்தோடு பார்த்தால் அது பனியே இல்லை. நான் கட்டிலில் படுத்திருந்தேன். கீழே கர், கர் என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். எழும்பிப் பார்த்தேன்.

அவள் வழித்துக்கொண்டிருந்தாள். வெளிக்கிட்டுக் கதவைத் திறந்ததும் வாசலைக் கூட்டுவது அவளுடைய தினசரிப் பழக்கம். மழையோ குளிரோ வாசல் கூட்டாமல் அடுப்பு மூட்டமாட்டாள். அன்று வாசலில் பனி கிடந்தது, பனியைக் கூட்டினாள். பச்சைக் கதவிலிருந்து தொடங்கி, முன் வளவு தாண்டி, நடைபாதை வரை போய்விட்டாள். அவள் கையில் இருந்தது என் பலகை. நான் செய்த பலகை. பின் வளவில் போட்டு மறந்ததை எடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை அது. தெரு முனையில் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். இப்போது பார், இப்போது கேள், யார் செய்யச் சொன்னது என்று கேள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தேன். அவர் கிட்ட வந்தார். அவள் வழித்த கல்லின் மேல் காலை வைத்தார், சப்பாத்தைத் தட்டினார்.

"என்னாம்மா, குளிர்ல கையுறை இல்லாம நிக்கிறீங்க?"

"பரவாயில்லை அங்கிள். வாசல் கிடக்கிற கிடை பாக்கேலாமல் கிடந்தது."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போதும்மா, உள்ள போங்க."

அவ்வளவுதான். கேஸ் இல்லை, கவுன்சில் இல்லை, வானத்தின் தப்பு இல்லை. அறைக்காரன் கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றான். திரும்பப் போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அவள் பலகையைத் தட்டிப் பனியை உதறி, பச்சைக் கதவுக்குப் பக்கத்தில், தங்களுடைய பொருள் போலச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

அப்படி வழித்தால் பொறுப்பு வீட்டுக்காரருக்கு வரும் என்பது உண்மைதானா என்று பிறகு பலரைக் கேட்டேன். சட்டமே அப்படித்தான் என்றார்கள் சிலர், வெறும் கதை என்றார்கள் சிலர். எனக்கு அது முக்கியமில்லை. ஒரே நடைபாதை, ஒரே பனி, ஒரே பலகை. அவளை விட்டார்கள்.

அன்று மத்தியானம் லண்டனின் மறு கோடியில், ஃபாரஸ்ட் கேட்டில் தெரிந்த ஒருவனுக்குப் போன் எடுத்தேன். தன் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, தனிச் சாவி தரலாம், ஆனால் குளியல் பொது என்றான். சரி என்றேன். என்னிடம் ஒரு பெட்டியும் ஒரு பையும்தான் இருந்தன.

கீழே இறங்கிப் பச்சைக் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். கையில் மா ஒட்டியிருந்தது.

"என்னண்ணை, கிண்ணமே?"

"இல்லைப் பிள்ளை. அந்தப் பலகை என்ரை. கொண்டுபோகப் போறன்."

அவள் பலகையையும் என்னையும் பெட்டியையும் பார்த்தாள். உள்ளேயிருந்து அறைக்காரன், "ஆரது?" என்றான். "அண்ணை. பலகை கேக்கிறார்" என்றாள். அவன் வெளியே வந்தான். ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தான், பிறகு சொல்லவில்லை.

"குடுத்துவிடு," என்றான். "அவர் செய்ததுதான்."

பெட்டியை ஒரு கையிலும் பலகையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் வழித்த கல்லின் மேல் நடந்து போனேன். நன்றாகவே வழித்திருந்தாள், ஓர் இடத்திலும் வழுக்கவில்லை. ரெயிலில் எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள்.

ஃபாரஸ்ட் கேட்டில் எனக்குக் கிடைத்த அறை மூன்றாம் மாடி. வாசல் கடைக்காரனுடையது. நடைபாதை முழுக்க மரக்கறிப் பெட்டிகள். பலகையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.